தேசூர் நயினாரின் கார்புரேட்டர்

பத்தாவதில் என்னோடு கடைசி பெஞ்சைத் தேய்த்தவர்களே, இது உங்களுக்குத்தான். முதல் பெஞ்சுக்காரர்கள் வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்குப் படிப்பதுதானே வேலை.

பொதுத் தேர்வுக்கு நான் காரில் வந்து இறங்கியது உங்களுக்கு மறந்திருக்காது. தொடைவரை மாவுக்கட்டு, கையில் பரீட்சை அட்டை, பின்சீட்டு முழுக்க நீட்டிய கால். பெரியப்பா கதவைத் திறந்துவிட, நான் கோவில்தேர் மாதிரி ஆடி அசைந்து இறங்கினேன். "மாப்ளை வந்துட்டார்டோய்" என்று நீங்கள் கத்தினீர்கள். பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்கும் டீக்கடையில் அதைச் சொல்லித்தான் என்னை ஓட்டுகிறீர்கள். நானும் சிரிக்கிறேன். ஊரையே கலாய்க்கிறவன் தன்னைக் கலாய்த்தால் சிரிக்கத்தானே வேண்டும். ஆனால் அந்தக் காரின் பேச்சு வந்தாலே நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவேன். அது ஏன் என்று உங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

எங்கள் தெருவில் அதைக் கார் என்று யாரும் சொன்னதில்லை. பிளசர். வெள்ளைக்காரன் நாட்டில் செய்து, என் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்த வண்டி. பட்டுச்சேலை வியாபாரம் செய்த பெரியப்பா அதை யாரிடமோ பழசாக வாங்கினார். வாங்கும்போது என்ன நிறம் என்பதே ஒரு வழக்கு. அரக்கு என்பார் பெரியப்பா. சாயப்பட்டறை வைத்திருந்த என் அப்பா, "அரக்கு இல்ல, வெங்காயத் தோலு. வெயில்ல வெளுத்துக்கினு வருது" என்பார்.

முன்விளக்கில் ஒன்று வண்டியோடு வந்தது, இன்னொன்று டிராக்டருடையது. ஹாரன் லாரியுடையது. தலைக்கு மேலே சேலை மூட்டை ஏற்ற இரும்புச் சட்டம். சீட்டுக்கு, சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்துத் தள்ளுபடியான துணியில் உறை. பின்கதவு சாத்தாது, தறிக்கு நீளவாக்கில் போடும் பாவு நூலை முறுக்கி ஒரு கயிறு, உள்ளே உட்கார்ந்திருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஏறினால் பெட்ரோல் வாசனையும் புதுப்பட்டின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். அந்த வாசனையை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எதற்கெல்லாம் ஓடியது தெரியுமா? களம்பூர் மில்லிலிருந்து அரிசி மூட்டை வரும். தறி வீட்டுக்காரர்கள் யாருக்காவது வேலூர் ஆஸ்பத்திரி என்றால் பெரியப்பாதான் சாவியோடு நிற்பார். தெருவில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்பு அதில்தான்.

அதே வண்டி, அதே வயசு, இன்னொன்று தேசூரில் இருந்தது. அதன் சொந்தக்காரர் எங்கள் கடையில் சேலை எடுக்க வந்தவர், வாசலில் நின்ற பிளசரைப் பார்த்துச் சேலையை மறந்துவிட்டார். அன்றிலிருந்து பழக்கம். சமணர், நிலபுலன் உள்ளவர். ஊரே நயினார் என்று கூப்பிட்டதால் நாங்களும் நயினார். அவருடைய வண்டி நெல் கொட்டும் கொட்டகையில் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்து, ஸ்டார்ட் செய்து, ஏரிக்கரைவரை போய்த் திரும்புவார். அவ்வளவுதான். கம்பெனி கொடுத்த ஸ்பேனர் பைகூட மாறவில்லை. எங்கள் ஊருக்கு அவர் வருவது பஸ்ஸில். "வூட்ல காரு, கையில பஸ் டிக்கெட்டு" என்று நான் அவர் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவேன். தெருவே சிரிக்கும்.

அவர் வந்தால் பெரியப்பாவுக்கும் அவருக்கும் ஒரே வழக்குதான்.

"வண்டி எதுக்குங்க கீது நயினாரே? ஓட்றதுக்கு."

"ஓட்றதுக்குதாங்க. ஆனா நீங்க ஓட்றது அந்த வண்டிய இல்ல. பாதி டிராக்டரு, கால் லாரி, மீதி உங்க தம்பியோட சாயப்பட்டறை. செஞ்சவன் வந்து பார்த்தா, இது நான் பெத்த புள்ள இல்லன்னு ஓடிப்பூடுவான்."

"உங்க வண்டி மூலவருங்க. கருவறைய உட்டு நகராது. என்னுது உற்சவரு. தெருவுக்கு வந்து ஜனங்களுக்குத் தரிசனம் குடுக்கும்."

நயினார் மோரை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொல்வார்: "மூலவர் இல்லாத கோயில்ல உற்சவருக்கு இன்னாங்க வேலை?"

பெரியம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். "போதும் பேச்சு. பொழுது சாயப் போவுது, அவருக்கு எலை போடணும்." நயினார் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அவர்கள் வழக்கம் அது. அவர் வருகிற நாளில் எங்கள் வீட்டுச் சமையல் சூரியனோடு ஓட்டப்பந்தயம் ஓடும்.

நான் பத்தாவது படித்த வருஷம், தை மாதம், பெரியப்பா மகளுக்கு, அதாவது என் அக்காவுக்குக் கல்யாணம். ஊர் மாப்பிள்ளைகளையெல்லாம் ஏற்றிய வண்டி, சொந்த மாப்பிள்ளையை ஏற்றப் போகிறது. அதற்குள் வண்டிக்கு இருமல் வந்துவிட்டது. நாலு அடி ஓடும், இருமும், நிற்கும். மெக்கானிக் வந்து கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. சின்னச் சொம்பு அளவு இருக்கும்.

"உள்ள ஒரே அழுக்குண்ணே. நல்லா கழுவி வைங்க, நாஷ்டா துன்னுட்டு வந்து மாட்டிட்றேன்" என்று அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்குக் கழுவுவது என்றால் ஒன்றுதான் தெரியும். பதப்படுத்தாத பச்சைப் பட்டு நூலில் கோந்து இருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்கும் அண்டாவில் அதை இறக்கி ஏற்றினால் கோந்து கழன்று பட்டு பளபளவென்று ஆகும். அதற்கப்புறம்தான் சாயம். ஆயுசு முழுக்க அதைச் செய்தவர்.

"கோந்து புடிச்ச பட்டே இதுல எறங்கி ஏறினா கண்ணாடி மாதிரி ஆவுது. இந்தச் சோட்டா சாமானுக்கு இன்னா?" என்று சொல்லி, கார்புரேட்டரைக் கம்பியில் கட்டி அண்டாவில் இறக்கினார்.

அண்டா புஸ்ஸென்று நுரைத்தது. "பார்ரா, அழுக்கு எப்படிக் கழலுது பார்" என்று அப்பா பெருமையோடு சொன்னார். நானும் பார்த்தேன். ஏற்றியபோது அது கார்புரேட்டராக இல்லை. கருகின வடையாக இருந்தது. விரல் பட்ட இடம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

திரும்பி வந்த மெக்கானிக் அதைக் கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம், "பட்டு தாங்கும்ண்ணே. இந்த உலோகம் சோடாவத் தாங்காது" என்றார்.

அப்பா, "இன்னும் கொஞ்ச நேரம் உட்டிருந்தா வெளுத்திருக்கும்" என்றார்.

பெரியப்பா அன்றைக்கு அப்பாவைப் பேசின பேச்சை எழுதினால் இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். வேறு கார்புரேட்டரை மெட்ராசில் தேடிப் பிடிக்கலாம், ஆனால் கிடைக்க எத்தனை நாள் ஆகுமோ. கல்யாணமோ நாளை மறுநாள். பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவாசி பஸ் ஏறினார். துணைக்கு நான். அங்கிருந்து தேசூர்.

நயினார் முழுக்கக் கேட்டார். அண்டா கதை வந்தபோதுகூட அவர் சிரிக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனார். அவர் வீட்டம்மா மட்டும் நடையில் நின்று சொன்னார்: "பங்குனியில மெட்ராசுக்கு ஓட்டிகினு போவணும்னு சொல்லிகினு இருந்தீங்களே."

"அதுக்கு இன்னும் நாள் கீதும்மா" என்றார் நயினார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பி, வெட்கப்படுகிற மாதிரி சொன்னார்: "பழைய காருங்களையெல்லாம் வரிசையா ஓட்டிக் காட்டறாங்களாம். பேர் குடுத்திருக்கேன். எங்கப்பா வாங்குன வண்டிங்க. ஒரே ஒரு வாட்டி நாலு பேர் பாக்க ஓட்டணும்னு ஆசை. அதுக்குள்ள வந்துட்டா போதும்."

"இன்னாங்க நீங்க, கல்யாணம் முடிஞ்ச மறுநாளே நானே கொண்டாந்து மாட்டிட்றேன்" என்றார் பெரியப்பா.

நயினார் தன் கையாலேயே கழற்றினார். கழற்றின ஓட்டையில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார். கார்புரேட்டரைப் புதுத் துண்டில் பொதிந்து என் மடியில் வைத்தார். பஸ்ஸில் அதைப் பிறந்த குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு நான் தாலாட்டுப் பாடினேன். பெரியப்பாவுக்கு அழுகை வருகிற அளவுக்குச் சிரிப்பு.

மாப்பிள்ளை அழைப்பு ஜோராக நடந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள், மாப்பிள்ளை வீட்டார் ஊர் திரும்ப வண்டி வேண்டும். அதற்கடுத்த நாள், மண்டபத்துப் பாத்திரம். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி. அப்புறம் எதிர்வீட்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. ஒவ்வொன்றும் நியாயமான காரியம். பெரியப்பா திருடரில்லை. ஆனால் வண்டி அவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நயினார் கடைக்குப் போன் செய்தால், "ஞாயித்துக்கிழமை வந்துட்றேங்க" என்பார் பெரியப்பா. வருஷத்தில் எத்தனையோ ஞாயிறு.

இதற்கு நடுவில் நான் காலை உடைத்துக்கொண்டேன். வண்டிமேல் இருந்த இரும்புச் சட்டத்தில் ஏறி, உற்சவர் இப்படித்தான் ஆடுவார் என்று தெருப் பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டினேன். உற்சவர் விழுந்தார்.

பரீட்சைக்குக் கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம். "புள்ளைய நான் கொண்டுபோய் உட்றேன்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள், தெரு நீளத்துக்கும். அது இருக்கும்வரை வண்டி நகராது. என் பரீட்சைக்காகத் தறிக்காரர்கள் இருட்டோடு எழுந்து, நீட்டி, வண்டி வருவதற்குள் சுருட்டினார்கள். "எழுதிட்டு வாடா ராஜா" என்றார்கள். ராஜா முதல் நாள் தமிழ்த் தாளில் மூன்று பக்கம் எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நயினார் வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துணிப்பை. பைக்குள் அந்தக் கம்பெனி ஸ்பேனர்கள். உட்காரவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல ஓட்டம்ங்க. சனிக்கிழமை வண்டிய பரிசோதனை பண்றாங்க. இன்னிக்கு ராத்திரி மாட்டி, நாளைக்குக் காலையில மெதுவா கிளம்பினாதான் சரியா இருக்கும்."

பெரியப்பா தலையைச் சொறிந்தார். அப்பா தரையைப் பார்த்தார். "நாளைக்குப் புள்ளைக்குக் கணக்குப் பரீட்சைங்க" என்றார் பெரியப்பா. "பாருங்க, காலு இந்தக் கதி. வண்டி இல்லாட்டி பேஜாராப் பூடும்."

வாசலில் நின்ற பிளசரின் பின்சீட்டில்தான் நான் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. நயினார் என் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கணக்கு நல்லா படிச்சிருக்கியா?"

கணக்குப் புத்தகத்துக்கு நான் போட்ட அட்டைகூடக் கசங்கவில்லை. அது அந்த வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாய் இருக்கிறதே, அது எதற்கு இருக்கிறது.

"சென்டம் அடிப்பேனுங்க" என்றேன்.

என் வீட்டில் யாராவது சிரித்திருந்தால் அது கிண்டல் என்று அவருக்குப் புரிந்திருக்கும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரியப்பா சிரிக்கவில்லை, அப்பா சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு ஆட்டோ போன சத்தம் கேட்டது. அங்கே எப்போதும் நாலு ஆட்டோ நிற்கும். என்னைத் தூக்கி உட்காரவைத்து, காலுக்கு ஒரு தலையணை கொடுத்தால் பத்து நிமிஷம். அதை நயினார் சொல்லவில்லை. நாங்கள் சொல்லட்டும் என்று நின்றார். இப்போது யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ரொம்ப நேரம் நின்றார்.

நான் ஏன் சொல்லவில்லை? ஆட்டோவில் போனால் மாவுக்கட்டு போட்ட ஒரு பையன். காரில் போனால் மாப்பிள்ளை.

நயினார் பானட்டைத் திறந்தார். தன் கார்புரேட்டரைக் குனிந்து பார்த்தார். மேலே படிந்திருந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்தார். பானட்டை மூடி, "எழுதட்டும்ங்க. படிப்பு முக்கியம்" என்றார். ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பெரியம்மா இலையோடு ஓடிவந்தாள். "சாப்டுட்டுப் போங்க, ஜல்தியா போட்டுட்றேன்."

அவர் மேற்கே பார்த்தார். வெளிச்சம் போயிருந்தது. நாங்கள் பேசாமல் நின்ற நேரத்தில் பொழுது சாய்ந்துவிட்டது. "பரவால்லம்மா" என்றார். வந்தவாசி பஸ்ஸுக்கு வெறும் வயிற்றோடு போனார். பெரியம்மா அந்த இலையை அப்பாவின் முன்னால் தொப்பென்று போட்டாள். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மறுநாள் கணக்குத் தாளில் வட்டம் போடச் சொன்ன இடத்தில் வட்டம் போட்டேன். அதற்கு நாலு சக்கரம், ஒரு பானட் சேர்த்து வண்டியாக்கினேன். மீதி உங்களுக்குத் தெரியும். ஃபெயிலான பிறகு பள்ளிக்கூடம் என்னையும் நான் பள்ளிக்கூடத்தையும் தொந்தரவு செய்யவில்லை.

மெட்ராசில் வேறு கார்புரேட்டர் கிடைத்து, நயினாருடையதை நாங்கள் கொண்டுபோனபோது வெயில் காலமே முடிந்திருந்தது. அவர் துண்டைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டினார். கைப்பிடி போட்டு முறுக்கினார். எஞ்சின் அசையவில்லை. பெரியப்பா முறுக்கினார், அசையவில்லை. ஓட்டையில் கட்டியிருந்த துணியை எலி கடித்து, உள்ளே நெல்லும் வைக்கோலுமாகக் குடித்தனம் நடத்தியிருந்தது. ஈரம் ஏறித் துருப்பிடித்து உள்ளே இறுகிவிட்டது. அவர்கள் வீட்டில் எலிக்கு மருந்து வைக்க மாட்டார்கள், உயிர்க்கொலை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டி உறுமியவரை எலிகள் அந்தப் பக்கம் வந்ததில்லை.

"வேற எஞ்சின் போட்றலாங்க. ஜீப்பு எஞ்சின் சரியா ஒக்காரும். செலவு என்னுது" என்றார் பெரியப்பா.

"வேணாங்க" என்றார் நயினார். "அப்பால அது எங்கப்பா வண்டியா இருக்காது."

கார்புரேட்டரை மறுபடி கழற்றி, அதே துண்டில் பொதிந்து, பெரியப்பாவிடமே கொடுத்தார். "உங்களுதுல இருக்கட்டும். ஓடற வண்டியிலயாவது இருக்கட்டும்."

அது தொடக்கம்தான். அடுத்த பொங்கலுக்குத் தேசூரிலிருந்து வந்த ஆள் ஒரு முன்விளக்கைக் கொடுத்துவிட்டுப் போனான். டிராக்டர் விளக்கு போயிற்று. பிறகு கதவுப் பிடிகள். பாவு நூல் கயிறு போயிற்று. ஹாரன், சக்கர மூடி, கடிகாரம், கடைசியில் சீட்டுகள். பெரியப்பாவால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. இரும்புச் சட்டத்தை அவரே அறுத்து எடுத்தார். நயினார் கொடுத்த சீட்டில் அரிசி மூட்டையை எப்படி ஏற்றுவது? மூட்டைக்கு ஒரு வேன் வாங்கினார். மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டவர்களிடம், "சீட்டு அழுக்காயிடும்ப்பா" என்றார். ஒருநாள் பார்த்தேன், பிளசர்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. நயினார் போனில் ஒரே கேள்விதான் கேட்பார், "ஓடுதுங்களா?" பெரியப்பா சொல்வார், "ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்றோம்ங்க."

போன வருஷம் மெட்ராஸ் ஓட்டத்துக்கு நான் ஓட்டிக்கொண்டு போனேன். பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை, பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கண்ணாடி போட்ட பெரிய மனிதர்கள் டார்ச் அடித்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தார்கள். "எல்லாமே ஒரிஜினல். எப்படிங்க இத்தனை வருஷம் காப்பாத்தினீங்க?" என்று கேட்டு ஒரு பரிசுக் கோப்பை கொடுத்தார்கள். பெரியப்பா அதைக் கையில் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாங்கினேன்.

நேராகத் தேசூருக்கு ஓட்டினேன். சாயங்காலமாகியிருந்தது. நயினார் ரொம்பத் தளர்ந்திருந்தார். கொட்டகையில் அவர் வண்டியின் கூடு மட்டும் துணி போர்த்தி நின்றது. கோப்பையை நீட்டினேன். அதை வாங்கிப் பக்கத்திலிருந்த நெல் மூட்டைமேல் வைத்துவிட்டு, பிளசரின் பானட்டைத் திறந்தார். குனிந்து பார்த்தார். வேட்டி நுனியால் கார்புரேட்டரைத் துடைத்தார்.

குனிந்தபடியே கேட்டார்: "அந்தக் கணக்குப் பரீட்சை இன்னா ஆச்சு? சென்டம் வந்துச்சா?"

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஃபெயிலுங்க" என்றேன்.

நயினார் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் சிரிப்பு வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர் வர, வேட்டியால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்போ ஆட்டோவுலயே பூட்டிருக்கலாமேடா."



அவர் பானட்டை மெதுவாக அழுத்தி மூடினார். "எடு வண்டிய. பொழுது சாயறதுக்குள்ள ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வந்து சாப்டலாம்" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். பின்சீட்டில், அன்றைக்கு நான் காலை நீட்டிக்கொண்டிருந்த பக்கம் பார்த்து, ஏறி உட்கார்ந்தார்.